ஓமனாவின் வயிற்றில் தங்கியது

விடிந்ததும் ஓமனா கிணற்றடியில் குனிந்து வாந்தியெடுத்தாள். வந்தது முந்தின நாள் மதியம் தின்ற சோறு. ஒரு பருக்கைகூடக் கரையவில்லை. தட்டிலிருந்து அள்ளி எறிந்ததுபோலக் கிடந்தது. இப்போதெல்லாம் இரண்டு வாய் தின்றாலே தொண்டைவரை நிறைந்துவிடுகிறது. புரண்டு படுத்தால் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று, அவளுக்குச் சற்றுப் பின்னால், தானும் புரள்கிறது. ஆலப்புழையில் கயிறு முறுக்கிப் பிழைத்த காலத்தில் சட்டி நிறையக் கஞ்சி குடித்துவிட்டு இன்னும் கேட்டவள்.

பக்கத்து வீட்டுத் தங்கம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "சேச்சி, இது உங்க சர்க்கரை வியாதி இல்ல. கைவிஷம். யாரோ சோத்துல மந்திரிச்சுக் குடுத்திருக்காங்க. அது செரிக்கவே செரிக்காது. உள்ளயே உக்காந்து ஆளைத் தின்னும். சமைக்கிறது யாரு?"

சமைப்பது மருமகள் ரெஜிதா.

அதன்பிறகு ஓமனா அவள் கைச்சோற்றைத் தொடவில்லை. சர்க்கரைக்கான ஊசியை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டாள். பட்டப்பகலில் உடம்பு நடுங்கி வேர்த்துக் கொட்டியது. உள்ளே இருப்பது விழித்துக்கொண்டது என்று நினைத்தாள். கதவைத் தாழிட்டுத் தானே பயறு வேகவைத்துச் சில கரண்டி விழுங்கினாள். பிறகு மகன் பினுவைக் கூப்பிட்டாள்.

"கைவிஷத்தைக் கக்க வைக்கக் கோயில்ல மருந்து குடுக்கிறாங்க, குடிக்கப் போறேன். விஷம் வெளியே வந்துச்சுன்னா உன் பொண்டாட்டி அவ வீட்டுக்குப் போயிடணும்."

பதில் சொன்னது ரெஜிதா. "டாக்டர் சொன்னாரே அம்மே. சர்க்கரை வயித்து நரம்பைக் கெடுத்துடுச்சு, அதான் சாப்பாடு நகரலன்னு."

"நீ டாக்டருக்குப் படிச்சியா, கம்பவுண்டருக்கா?"

கோயிலுக்குப் போவதற்கு முந்தின நாள் முழுக்க ஓமனா தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. பாலில் கலந்த மருந்தைக் குடித்த கொஞ்ச நேரத்தில் கோயில் மணலில் குனிந்து வாந்தியெடுத்தாள். முதுகை ஒரு கை தாங்கிக்கொண்டது. ரெஜிதாவின் கை, சில்லிட்டிருந்தது.

"வந்துடுச்சு, பாருங்க," என்றார் மருந்து கொடுத்தவர்.

பினு திரும்பி மனைவியைப் பார்த்தான்.

ஓமனா மணலைப் பார்த்தாள். பச்சைப்பயறு. தோல்கூட உரியாமல் முழுமுழுதாக. தாழிட்ட கதவுக்குள் அவளே வேகவைத்தது. வேறு கை படாதது. அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ரெஜிதாவின் கை இன்னும் முதுகில்தான் இருந்தது.

"இது நான் வச்சது," என்றாள். "என் கையால."

"அப்போ விஷம்?" என்றான் பினு.

"ஒண்ணும் இல்லடா. என் வயிறு எனக்கு முன்னாடியே செத்துப் போச்சு."

ரெஜிதா முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். "வயிறுதான் தூங்குது அம்மே. வாய் நல்லா முழிச்சிட்டுதான் இருக்கு."

ஓமனா சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரெஜிதா கஞ்சியை மசித்து வடிகட்டிச் சின்ன தம்ளரில் நீட்டினாள். ஓமனா வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாத ஆளைப்போல, அது அசையாமல் இருந்தது.

இன்னொரு மடக்குக்கு வாயைத் திறந்தாள்.