மீட்டரக்காவின் பதினோரு மணி பட்டன்

என் அக்காவை எங்கள் பகுதியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மீட்டரக்கா என்றால்தான் தெரியும். முப்பது வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவள். வீடு பூட்டியிருந்தால் உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. இவள் மறுநாள் போவாள், அதற்கு மறுநாளும் போவாள். பார்க்காத எண்ணை எழுதினதே இல்லை. போகிற இடத்தில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால், யார் வீடாக இருந்தாலும் சரி, அதை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கி, தனக்கென்று நீளவாக்கில் ஒரு வீடும் கட்டிக்கொண்டாள். போன மழைக்காலத்தில் அந்த வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தவள், எழுந்திருக்க முடியாமல் மூன்று மணி நேரம் ஈரத்தரையிலேயே கிடந்தாள். அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன்.

"போதும் அக்கா. மூட்டை கட்டு. எங்க வீட்டுக்கு வந்துடு."

"உன் வீடு உன் வீடு, என் வீடு என் வீடுடா. ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கேன்!"

மல்லுக்கட்டி மல்லுக்கட்டிக் கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். குளியலறையில் ஒரு பட்டன். அழுத்தினால் நான் நடத்துகிற கண்ணாடிக் கடையில் இருக்கும் என் போன் அலற வேண்டும். தினமும் பகல் பதினோரு மணிக்கு அவள் அழுத்திப் பார்ப்பாள். ஒரு மாதத்தில் மூன்று முறை போன் அலறத் தவறினால் மறுபேச்சு பேசாமல் என்னோடு வந்துவிட வேண்டும்.

ஜிக்பீ என்று ஒன்று இருக்கிறது. சின்னச் சின்னக் கருவிகள் ஒயர் இல்லாமல் தங்களுக்குள் பேசிக்கொள்கிற ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் தலைமையாக ஒரு பெட்டி. நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி அதைக் கூடத்தில் டிவிக்குப் பின்னால், வைஃபை பெட்டியோடு ஒட்டி வைத்தேன். பட்டன் கடைக்கோடியில். நடுவில் இரும்பு பீரோ, இரண்டு சுவர், குளியலறை டைல்ஸ். அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். வைஃபை பக்கத்தில் இருந்தால் இதன் குரல் அமுங்கிப்போகுமாம். பெட்டியைத் தள்ளி, அலமாரி மேல் உயரமாக வைத்தேன். வழியில் செய்தியை வாங்கிக் கைமாற்றிவிட ஓர் ஆள் வேண்டும். பேட்டரிக் கருவிகள் அதற்கு ஆகாது, அவை பாதி நேரம் தூங்குகிறவை. சுவரில் செருகி எப்போதும் கரண்டில் இருக்கிற ப்ளக்தான் சரி. அப்படி ஒன்றை வாங்கி நடைவழிச் சுவரில், பீரோவைத் தாண்டிச் செருகி, அதிலேயே அவளுடைய சின்ன விளக்கையும் மாட்டிவிட்டேன். போன் அலறியது. அக்கா கைதட்டினாள்.

"அலமாரி மேல இருக்கிற பெட்டிய மட்டும் தொட்டுடாதே" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாள் மணியடித்த மாதிரி வேலை செய்தது. பதினோராம் நாள் போன் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் ஒழுங்காக அலறுகிறது. மறுநாள் பகலில் மறுபடியும் மௌனம், சாயங்காலம் மறுபடியும் அலறல். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. செய்தவனைத் திட்டினேன், விற்றவனைத் திட்டினேன், பட்டனின் பேட்டரியை மாற்றினேன். மூன்றாம் நாள் பதினொன்று ஐந்துக்கு அக்காவே கூப்பிட்டாள்.

"அழுத்திட்டேன். வந்துச்சா?"

"வரலை."

"அப்ப மூணு ஆயிடுச்சு. எழுதிக்கோ." தன் தோல்வியையும் மீட்டர் எண் மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

கடையைச் சாத்தி, மனைவிக்குப் போனில் சொல்லிவிட்டு ஓடினேன். உள்ளதைச் சொன்னால், மனசுக்குள் சந்தோஷம்தான். அக்கா கட்டில் மேல் துணிப்பெட்டியைத் திறந்து வைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுடைய செருப்பை எடுத்து வைக்கலாம் என்று நடைவழிக்குப் போனேன். ப்ளக்கில் எப்போதும் தெரிகிற பச்சைப் புள்ளி தெரியவில்லை. சுவரில் அதற்கான சுவிட்ச் அணைந்திருந்தது.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. சாயங்காலம் விளக்குக்காகப் போடுகிறாள், காலையில் அணைக்கிறாள். பெட்டியைத் தொடாதே என்றேனே தவிர, இந்தச் சுவிட்சைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சத்தியமாக ஒரு நிமிஷம் அப்படித்தான் நின்றேன். இவள் என் வீட்டுக்கு வந்துவிடுவாள், இனி மழை பெய்தால் எனக்குப் பயம் இருக்காது. ஆனால் பூட்டிய வீட்டுக்கு நாலு தடவை நடந்தவளிடம் பொய்க் கணக்கைக் காட்டி எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

"இந்தச் சுவிட்ச ஏன்க்கா அணைச்சே?"

"போன வாரம் மீட்டர் பார்த்தேன், கூட ஓடியிருந்துச்சு. பகல்ல அந்தப் பச்சை லைட்டு சும்மாதானே எரியுது?"

"சும்மா எரியலை. உன் பட்டன் சொல்றத அதுதான் பெட்டிக்குச் சொல்லுது. நான்தான் உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். மெஷின் தவறவே இல்லக்கா."

சுவிட்சைப் போட்டேன். பச்சை வந்தது. கொஞ்சம் பொறுத்து அவள் போய் அழுத்தினாள். என் சட்டைப்பையில் போன் அலறியது. அக்கா குளியலறை வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தாள்.

"சொல்லாம இருந்திருந்தா நான் வந்திருப்பேனேடா."

"தெரியும்."

"அதுக்குத்தானே இத்தனை நாளா ஆசைப்பட்டே?"

"ஆமா."

அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். இருவருமாகப் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து மறுபடி பீரோவில் அடுக்கினோம். சுவிட்சைப் போட்டபடியே வைத்து மேலே டேப் ஒட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி புதுத் தலையணை உறையோடு வாசலில் நின்றிருந்தாள். "அண்ணி வரலையா?"

"வரலை. பட்டன் நல்லா வேலை செய்யுது" என்றேன். அவள் கையிலிருந்த உறையை வாங்கி மடித்து உள்ளே வைத்தேன்.