பூநாரைக்கு என்று வாங்கிய லென்ஸ்

மோகனப்பிரியாவுக்குப் புருஷன் மேல் ஒரே ஒரு குறைதான். மனுஷன் பேசமாட்டான். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஜெகதீஸ்வரனைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லவன், குடிக்காதவன், உழைப்பாளி என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் வாயில் கொழுக்கட்டை. குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிடுவான். "நல்லாருக்கா மாமா?" என்றால் தலையை ஆட்டுவான். பன்னிரண்டு வருஷமாக இந்தத் தலையாட்டலோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது பழகியும் போயிருந்தது.

கெடுத்தது வரதன். அவன் ஜெகதீஸ்வரனோடு ஒரே போட்டில் போகிறவன். வரதன் வீட்டுக் காதுகுத்து விருந்தில் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே அவன் சொன்னான்.

"அண்ணி, உனுக்குத் தெரியாதா? அண்ணன் போட்டுல ஏறுனா வேற ஆளு. இன்னா பாட்டு, இன்னா தமாஷு! இன்ஜின் சத்தத்தையே அமுக்கிட்டு பாடும். நாங்க வலைய உட்டுட்டு வயித்தப் புடிச்சினு சிரிப்போம்."

சபையில் அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தனக்குத் தலையாட்டல், அந்த நாலு தடியன்களுக்குப் பாட்டா? கட்டிக்கொண்டவளுக்குக் காட்டாத முகத்தை வலைக்கும் மீனுக்கும் காட்டுகிறானா? பொறாமைதான், வேறென்ன. பக்கத்து வீட்டுக்காரி மேல் வந்திருந்தால் சண்டையாவது போடலாம். ஒரு பைபர் போட்டின் மேல் பொறாமைப்பட்டு யாரிடம் போய்ச் சொல்வது?

கூடப் போய்ப் பார்த்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்தக் குப்பத்தில் பெண்கள் கடல் போட்டில் ஏறமாட்டார்கள். கரையில் ஏற்றி வைத்திருக்கும்போதுகூட அதன் மேல் சாயமாட்டார்கள். பிரியாவுக்குப் பிறந்த ஊர் சுண்ணாம்புக்குளம், ஏரிக்கரை. அங்கே படகில் ஏறி வளர்ந்தவள்தான். ஆனால் வாக்கப்பட்ட இடத்து வழக்கத்தை மீற அவளுக்கு மனம் வரவில்லை. ஒருநாள் வெட்கத்தை விட்டு, "ஒரு பாட்டு பாடேன் மாமா" என்று கேட்டாள். அவன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டான்.

அப்போதுதான் அவளுக்குத் தன் பெட்டி நினைவுக்கு வந்தது.

பிரியா பழவேற்காடு கடைத்தெருவில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். பாஸ்போர்ட் போட்டோ, பள்ளிக்கூட அடையாள அட்டை, எப்போதாவது ஒரு வளைகாப்பு. அது பிழைப்பு. ஆசை வேறு இடத்தில் இருந்தது. பொன்னேரியில் மூடிவிட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து மரப்பெட்டி கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். உள்ளங்கை அகலத்துக்கு பிலிம் போட்டு எடுப்பது. அந்த பிலிம் வாங்க வசதியில்லாமல் எக்ஸ்ரே பிலிமை வாங்கி, சிவப்பு விளக்கில் வெட்டிப் போட்டுக்கொள்வாள். குப்பத்தில் அவள் அதில் எடுக்காத ஆள் இல்லை. நெற்றிச் சுருக்கத்தை எண்ணலாம், அவ்வளவு துல்லியம். ஜெகதீஸ்வரனையும் எடுத்திருக்கிறாள். எல்லாவற்றிலும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கவைத்த மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பான்.

கரையில் நின்றபடி கடலில் வரும் போட்டைப் பிடித்துவிட்டால்? செல்போனில் இழுத்துப் பார்த்தாள்; முகம் இருக்கவேண்டிய இடத்தில் சேறு பூசினாற்போல் இருந்தது. ஸ்டுடியோவின் டிஜிட்டல் கேமராவிலும் எள்ளுப் போலத்தான் தெரிந்தான். பெரிய பிலிமில் எடுத்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் முகம் உடையாது. ஆனால் பெட்டியோடு வந்த லென்ஸ் குட்டை. நீள லென்ஸ் வேண்டும். புதிது வாங்க அவளால் ஆகாது, இந்தக் காலத்தில் கிடைப்பதும் இல்லை. தேடித் தேடி, பெரம்பூரில் ஜோயல் என்பவரிடம் பழையது ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தாள்.

"எதுக்கு?" என்றான் ஜெகதீஸ்வரன். அவனைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய சொற்பொழிவு.

"பூநாரைக்கு மாமா. கிட்டப் போனா பறந்துடுதில்ல?"

பொய்தான். ஏரிக்குப் பூநாரை பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஒரு முழத்துக்கு லென்ஸைத் தூக்கிக்கொண்டு வருவதை அவனும் பார்த்திருக்கிறான். தலையை ஆட்டினான்.

ஜோயல் விளம்பரக் கம்பெனிகளுக்குப் படம் எடுத்து ஓய்ந்தவர். அவள் கொண்டுபோன ஏரி நண்டைப் பார்த்ததுமே பாதி இளகிவிட்டார். லென்ஸ் சின்னச் சொம்பு அளவுக்குக் கனமாக இருந்தது. பிரியா அதைச் சும்மா வாங்கிவிடவில்லை. செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் அடித்து, கண்ணாடிக்குள் பூஞ்சை ஓடியிருக்கிறதா என்று பார்த்தாள். கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்தப் பயம்தான் முதல் பயம். ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டாள். மெதுவான வேகங்களில் அது இழுத்து இழுத்து மூச்சு விட்டது. வேகமானவை சரியாக இருந்தன, அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

ஜோயல் கடைசியாக ஒன்று கேட்டார். "இது பதினெட்டு இஞ்ச் லென்ஸும்மா. கேமராவுல லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவுல இருக்கிற துருத்தி அந்த அளவுக்காவது நீளணும். குட்டையா இருந்தா பின்கண்ணாடியில எதுவுமே தெளியாது. உன்னுது எவ்ளோ வருது?"

"இருபது இஞ்ச் சார். நானே இழுத்து அளந்தேன்."

"அப்ப கவலையில்ல, எடுத்துட்டுப் போ."

அவள் அளந்தது உண்மை. அளந்த விதத்தில்தான் கோளாறு. அவள் வலைக்காரர் வீட்டுப் பெண். வலையின் கண் எவ்வளவு என்று பார்க்க, இரண்டு முடிச்சையும் பிடித்து விறைப்பாக இழுத்துத்தான் அளப்பார்கள். தொங்கவிட்டு அளந்தால் அவளுடைய நைனா கையில் அடிப்பார். துருத்தியும் மடிப்பு மடிப்பாக இருந்ததா, அவள் லென்ஸ் மாட்டும் முன்பலகையைக் கழற்றி, வலையை இழுப்பது போலவே துருத்தியை இழுத்துப் பிடித்து அளந்துவிட்டாள். அந்தப் பலகை ஓடுகிற மரச்சட்டம் பதினாலு இஞ்சோடு முடிந்துபோவதை அவள் பார்க்கவே இல்லை. துருத்தி எவ்வளவு நீண்டால் என்ன, அதைத் தாங்கச் சட்டம் வேண்டாமா?

மறுநாள் வாசலில் கேமராவை நிறுத்தி, லென்ஸை மாட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள். பின்கண்ணாடியில் கலங்கரை விளக்கம் தலைகீழாகத் தெரியவேண்டும். தெரிந்தது வெறும் பனிமூட்டம். சட்டத்தை நீட்டினாள், நீட்டினாள், சட்டம் தீர்ந்துபோயிற்று. மூட்டம் கலையவில்லை. விஷயம் புரிந்ததும் துணியை விட்டு வெளியே வர அவளுக்கு மனமில்லை. சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டி வாங்கியாயிற்று. ஜோயல் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார், அவர் கேட்டுவிட்டுத்தானே கொடுத்தார். துணிக்குள்ளேயே நின்று அழுதாள்.

துணியைத் தூக்கியது ஜெகதீஸ்வரன்.

"இன்னா குறையுது?"

"சட்டம் நாலு இஞ்ச் கம்மி மாமா. லென்ஸ் இன்னும் முன்னாடி போவணும்."

அவன் லென்ஸைப் பார்த்தான், துருத்தியைப் பார்த்தான், போய்விட்டான். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் ஒரு கறுப்புக் குழல் இருந்தது. போட்டில் ஓட்டை அடைக்கிற பைபர் நாரையும் ரெசினையும் பிஸ்கட் டின் மேல் சுற்றிப் பூசி, காயவைத்து உருவி, உள்ளே கறுப்படித்திருந்தான். கூடவே இருக்கட்டும் என்று அரை இஞ்ச் அதிகமாகவே செய்திருந்தான். அதை முன்பலகையில் திருகி, அதன் வாயில் லென்ஸை மாட்டினார்கள். கலங்கரை விளக்கம் கம்பிக் கம்பியாகத் தெரிந்தது.

"பூநாரைக்குப் போதுமா?" என்றான்.

"போதும் மாமா" என்றவளுக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவனை ஒளிந்திருந்து பிடிப்பதற்கான சாமானை அவனையே செய்யவைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டுகள் திரும்பும் நேரத்துக்கு முன்னாலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாள். வழக்கமாக ஏலம் போடும் இடத்தில் வரதனின் மனைவி செவ்வந்தியோடு நின்று போட்டு வருவதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் கடை திறக்கப் போவாள். அன்றைக்கு அங்கே நின்றால் வெயில் நேராக லென்ஸுக்குள் விழும். அதனால் வெகுதூரம் ஒதுங்கி, கவிழ்த்து வைத்திருந்த ஒரு பழைய போட்டின் மறைவில் கேமராவை நிறுத்தினாள். போட்டுகள் கடைசி அலையில் ஏறி இறங்கும் இடத்துக்கு, முன்னால் வந்த ஒரு போட்டை வைத்துத் துல்லியத்தைச் சரிசெய்து, பிலிமைச் சொருகினாள். பிலிமைச் சொருகிவிட்டால் பின்கண்ணாடி மறைந்துவிடும். அதற்கப்புறம் வெறுங்கண்தான், கை விசைதான்.

ஜெகதீஸ்வரனின் நீலப் போட்டு வந்தது. அத்தனை தூரத்தில் முகம் தெரியவில்லை. பின்னால் இன்ஜினைப் பிடித்திருப்பது அவன் என்பது மட்டும் தெரிந்தது. பாடு மாமா, பாடு என்று வாய்விட்டே சொன்னாள். போட்டு அலை மேல் ஏறிய கணத்தில் விசையை அழுத்தினாள்.

போட்டு மணலில் முட்டியதும் அவன் குதித்தான். வலையைத் தொடவில்லை. செவ்வந்தியிடம் ஏதோ கேட்டான். அவள் கைகாட்ட, இவளை நோக்கி மணலில் உதைத்துக்கொண்டு நடந்து வந்தான்.

"எங்க போன நீ?"

அவ்வளவு சத்தமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை. "பூநாரை..." என்று ஆரம்பித்தாள்.

அவன் கேமரா பார்க்கிற திசையைப் பார்த்தான். "கடல்ல ஏது பூநாரை?"

இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. "உன்னத்தான் மாமா. போட்டுல பாடுறியாமே. ஊரே கேட்டுச்சு, நான் கேக்கல. பாக்கவாவது பாக்கலாம்னு..."

அவன் திரும்பிப் போட்டுக்குப் போனான். மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. பிரியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு போட்டோ எடுத்தது அப்படியென்ன குற்றம்? பொண்டாட்டி பார்த்தால் முகம் தேய்ந்துவிடுமா? அந்தக் கோபத்தோடேயே ஸ்டுடியோவைத் திறந்து, கதவைச் சாத்தி, பிலிமைக் கழுவினாள். காய்ந்ததும் வெளிச்சப் பலகையில் வைத்துச் செல்போனில் எடுத்து, கறுப்பை வெளுப்பாக மாற்றி, அவன் முகத்தை விரல்களால் பெரிதாக்கினாள்.

வாய் திறந்துதான் இருந்தது. ஆனால் அது பாடுகிற வாய் இல்லை.

அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். கடைசி அலையில் இன்ஜின் பிடிப்பவன் எழுந்து நிற்கவே கூடாது. ஒரு கை இன்ஜினில், இன்னொரு கை புருவத்துக்கு மேல். வரதன் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுக்கிறான். அவன் கழுத்தை எக்கி, ஏலம் போடும் இடத்தையே பார்க்கிறான். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவன் முகம் அது. அந்த அலை கொஞ்சம் புரண்டிருந்தால்?

போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அவன் குத்துக்கல் மாதிரி வாசலில் உட்கார்ந்திருந்தான். போனை அவன் முன்னால் நீட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். தன்னைத்தான் பார்க்கிறோம் என்று அவனுக்கு நம்பிக்கை வரவில்லை போலிருந்தது.

"அலைல எந்திரிச்சு நிக்கலாமா மாமா? இன்னா ஆவும்னு உனுக்குத் தெரியாதா?"

"நீ இல்ல."

"அங்கதான் நின்னுனு இருந்தேன். கொஞ்சம் தள்ளி."

"எனுக்கு எப்டித் தெரியும்?" என்றவன் போனை அவளிடம் கொடுத்துவிட்டு மணலைப் பார்த்தபடி சொன்னான். "பாட்டெல்லாம் கரை தெரியுற வரைக்கும்தான். கரை தெரிஞ்சிட்டா எவன் பாடுவான்? உன்னத் தேடுற வேல இருக்கில்ல."