ரோலருக்குக் கை காட்டிய நாள்

செங்கல் சூளையை விட்டு நடக்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சூளையில் மண் மிதித்து மிதித்து விரலிடுக்கெல்லாம் புண். வேலையை விட்டுப் போவதைக் கங்காணியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் தேக்காவை நெருங்கும்போது வழி மறித்திருந்தது. புதிதாக ஜல்லி கொட்டி நீராவி ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மூட்டையோடு சாக்கடை ஓரமாக இறங்கி நடந்தேன்.

ரோலருக்கு முன்னால் ஒருவர் சிவப்புத் துணியைத் தோளில் போட்டு, பின்பக்கமாக நடந்தபடி கை காட்டிப் போனார். எதிரே வரும் வண்டிகளை நிறுத்த வேண்டும், ரோலர் சாக்கடையில் சரியாமல் வழியும் காட்ட வேண்டும். கொதிகலனுக்குப் பின்னால் நிற்கும் ஓட்டுநருக்குத் தரை தெரியாது. இவர் கைதான் தெரியும். முன்பு மாட்டுவண்டிக்காரராக இருந்திருக்க வேண்டும். மூக்கணாங்கயிற்றைப் பிடித்தவர் மாதிரி உருளைக்கு நேர் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் நடந்தார். மாடு ஆளை மிதிக்காது, ரோலருக்கு அது தெரியாது.

ஜல்லியில் குதிகால் புரண்டு மல்லாக்க விழுந்தார். கை மறைந்ததும் ஓட்டுநர் நிறுத்தியிருக்க வேண்டும். கை காட்டுபவர் சொல்லாமல் விலகிப் போய் ரிக்‌ஷாக்களை விரட்டுவது வழக்கமாம். அப்படித்தான் என்று நினைத்து ஓட்டிவிட்டார். நான் கத்தியது எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. ஓட்டுநரின் முகம் தெரியும் இடத்துக்கு ஓடி இரண்டு கைகளையும் தூக்கினேன். ரோலர் நின்றது. நிற்பதற்குள் அவருடைய வலது கால் விரல்கள் இரும்புக்கு அடியில் போயிருந்தன.

ரோலர் பின்னால் போனால்தான் கால் வெளியே வரும். சாலையோ முன்பக்கம் இறக்கம். ஒரு சாண் நழுவினால் பாதமே போய்விடும்.

"யோவ் மூட்டை!" என்று ஓட்டுநர் என்னைக் கூப்பிட்டார். "அங்கேயே நில்லு. முன்னால நழுவுச்சுன்னா கையைத் தூக்கு, பிரேக்கை இறுக்கிடறேன்."

"எனக்குக் கை காட்டத் தெரியாதுங்க."

"இப்ப என்ன செஞ்ச?"

கீழே கிடந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பேச்சை அப்புறம் வச்சுக்குங்கய்யா, கால் என்னுது" என்றார்.

உள்ளங்கையால் தள்ளுவதுபோல் மெதுவாகக் காட்டினேன். ரோலர் உலுக்கி, ஒரு விரலளவு முன்னால் நழுவியது. அவர் அலறினார். கையைத் தூக்கினேன். நின்றது. ஓட்டுநர் நெருப்பைக் கிளறி, நீராவி ஏறும்வரை காத்திருந்தார். அவ்வளவு நேரமும் நான் கையை இறக்கவில்லை. இரண்டாவது தடவை உருளை பின்னால் போனது. கூலியாட்கள் அவரை இழுத்தெடுத்தார்கள். மூன்று விரல்கள் நசுங்கியிருந்தன. பாதம் தப்பியது.

ரிக்‌ஷாவில் ஏற்றும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நாளைக்குக் காலையில வேற ஆள் தேடுவாங்க. எவனாவது வந்து நிக்கறதுக்குள்ள நீ போய் நின்னுடு."

மறுநாள் விடிந்ததும் போனேன். ரத்தம் இருந்த இடத்தில் மண்ணைக் கொட்டியிருந்தார்கள். ஓட்டுநர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்தச் சிவப்புத் துணியை என்னிடம் எறிந்து, "உன் கை என் கண்ணுக்குத் தெரியலைன்னா நிறுத்திடுவேன், எவன் திட்டினாலும் சரி" என்றார்.

நான் உருளைக்கு நேரே நிற்காமல் சாக்கடைப் பக்கம் போய் நின்று, அவர் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, கையைக் காட்டினேன்.