காது அடைத்தால் மூச்சை அடைக்கிறவர்

ரோச் அண்ணன் வாரமெல்லாம் கடலுக்கடியில் சங்கு பொறுக்குவார். ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் வாசிப்பார். ஆறு நாள் சத்தமே இல்லாத இடத்தில் வேலை பார்க்கிறவன் ஏழாம் நாள் எதையாவது போட்டு நாலு சாத்து சாத்த வேண்டும் என்பது அவர் கட்சி. சாத்துவார். எங்கள் நீலக்கடல் இன்னிசைக் குழுவில் நான் பேஸ் கிட்டார். பள்ளிக்கூடமும் நானும் பிளஸ் ஒன்னில் பேசிப் பிரிந்த பிறகு, ஒழுங்காக நான் போய்வரும் ஒரே இடம் அதுதான்.

அண்ணனின் வலது காதுச் சவ்வில் ஒரு பொத்தல். ஆழம் கொடுத்த பரிசு. மூக்கைப் பிடித்து ஊதினால் அந்தக் காது வழியாகக் காற்று கீச்சென்று வரும். தெருப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டி மிட்டாய் வாங்கித் தின்கிற ஒரே பெரிய மனுஷன் அவர். காது அப்படி இருப்பதால், மேடையில் தன் பக்கத்து ஸ்பீக்கரை முழுசாகத் திருகி வைப்பார். அந்தச் சத்தம் மைக்குக்குள் புகுந்து ஊளையிடும். கீழவைப்பாரில் ஒரு கல்யாண வரவேற்பில் அது போட்ட ஊளைக்கு மாப்பிள்ளை மாலையோடு எழுந்து ஓடப் பார்த்தார்.

"அவரு ஊளைக்குப் பயந்து எந்திரிக்கல அண்ணாச்சி. தப்பிக்க ஒரு சான்ஸு பாத்தாரு" என்றேன்.

லிங்கராஜ் அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் உப்பு வியாபாரி. குழுவுக்கு முதலாளி, கீபோர்டும் அவர்தான். அவருடைய உப்புக் குடோனில்தான் ஒத்திகை. அங்கே வைத்ததெல்லாம் துருப்பிடிக்கும், அண்ணாச்சியின் வாயைத் தவிர.

"இனிமே மேடையில ஸ்பீக்கர் கெடையாது. எல்லாரும் காதுக்குள்ள இன்-இயர் மாட்டிக்கிடணும். கிளிக்கும் அதுலயே வரும். கெபித் திருவிழாவுக்குள்ள கிளிக்கோட சேந்து வாசிக்கப் பழகிக்கோ ரோச்சு. முடியலன்னா சொல்லிரு, மருமவன் பேட எடுத்துட்டு வாரான்."

கிளிக் என்பது தாளம் பிசகாமல் இருக்க டிரம்ஸ்காரர் காதில் மட்டும் டிக் டிக்கென்று அடிக்கிற சத்தம். மருமகன் என்பது ஜெயகணேஷ். விரலால் தட்டினால் டிரம்ஸ் சத்தம் வருகிற பேடு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, குடோன் வாசலில் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மதுரையில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணாச்சியின் மச்சான் மூன்று ஜோடி இன்-இயர் அனுப்பியிருந்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிட வேண்டும்.

முதல் ஜோடி, செல்போனுக்கு மாட்டுகிற இயர்போனுக்கு அண்ணன் முறை. காலால் மிதித்து அடிக்கிற கிக் டிரம் அதில் கொசு இருமுகிற மாதிரி கேட்டது. பல்லவி முடிவதற்குள் இரண்டும் கழன்று தோளில் தொங்கின.

இரண்டாவது ஜோடிக்கு ஸ்பாஞ்ச் முனை. உருட்டி உள்ளே செருகினால் விரிந்து காதை அப்படியே அடைத்துக்கொள்ளும். வெளிச்சத்தம் வராததால் உள்ளே சத்தத்தைக் குறைவாக வைத்தால் போதும். "இதான் சாமான்" என்றார் அண்ணாச்சி. ரோச் அண்ணன் செருகினார். செருகியதும் பழக்கதோஷத்தில் மூக்கைப் பிடித்து ஓர் ஊது ஊதினார். வலது காதில் இருந்தது பொட்டென்று தெறித்து, உப்பு மூட்டைமேல் போய் விழுந்தது.

"ஏலே பேச்சி, சிரிச்சே, கொன்னுருவேன்."

நான் சிரிக்கவில்லை. மூட்டைக்குப் பின்னால் போய் சிரித்துவிட்டு வந்தேன்.

மறுபடி செருகி வாசித்தார். முதல் வரியில் கிளிக்கோடு இருந்தார். இரண்டாம் வரியில் கொஞ்சம் முந்தினார். சரணத்தில் ஓட ஆரம்பித்தார். பாட்டு முடிந்தபோது கிளிக் இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தது. நாலு தடவை வாசித்தோம். நாலிலும் அதே ஓட்டம். ஜெயகணேஷ் வாசலில் இருந்து உள்ளே ஓரடி நகர்ந்து உட்கார்ந்தான்.

எனக்கு முன்னால் ஒரு மைக் உண்டு. காலால் ஒரு சுவிட்சை மிதித்துப் பேசினால் ரோச் அண்ணன் காதில் மட்டும் கேட்கும். அடுத்த பாட்டு என்ன என்று சொல்வதற்காகக் கொடுத்தது. அப்படிப்பட்ட பொருளை என் கையில் கொடுத்தது அவர்கள் தப்பு. ஐந்தாம் தடவை அவர் ஓடத் தொடங்கியதும், ரேடியோக்காரர் குரலில் மெல்லச் சொன்னேன்: "தூத்துக்குடி துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது. டிரம்ஸ்காரர்கள் கரைக்குத் திரும்பவும்."

அண்ணன் புஸ்ஸென்று சிரித்தார். டயரில் காற்றைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு மூச்சு வந்தது. அப்புறம் நடந்ததுதான் அதிசயம். தாளம் தானாக இறங்கி கிளிக்கோடு போய் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம்தான். மறுபடி கன்னம் உப்பியது, கண் விரிந்தது, ஓட்டம் தொடங்கியது.

பாட்டு முடிந்ததும் அருகில் போனேன்.

"அண்ணே, வாசிக்கும்போது நீங்க மூச்சே விடலயே."

"காது அடைச்சா மூச்ச அடைக்கணும். இதுல என்னல அதிசயம்?"

"இது தண்ணி இல்ல அண்ணே. குடோன்."

அவர் யோசித்தார். நிஜமாகவே இப்போதுதான் அது அவருக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து காது அடைக்கிற ஒரே இடம் கடல்தான். அங்கே அடைத்த காதோடு செய்கிற எல்லா வேலையையும் மூச்சு தீர்வதற்குள் முடித்துவிட்டு மேலே வந்தாக வேண்டும். பாட்டையும் அப்படித்தான் முடித்துவிட்டு மேலே வந்துகொண்டிருந்தார்.

மூன்றாவது ஜோடியில் வெளிச்சத்தம் வர ஒரு சின்ன ஓட்டை இருந்தது. காது அடைக்கவில்லை, மூச்சு சாதாரணமாக வந்தது, தாளமும் நின்றது. ஆனால் ஓட்டை வழியாக சிம்பல் சத்தமும் உள்ளே வந்தது. "ஏத்து... இன்னும் ஏத்து" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கழற்றியபோது நல்ல காதான இடது காதைப் பொத்திக்கொண்டார்.

"இதப் போட்டா மூச்சு இருக்கும், காது போயிரும். அதப் போட்டா காது இருக்கும், மூச்சு போயிரும்" என்றார்.

"ரெண்டும் வேண்டாம்னா பேடு இருக்கு" என்றார் அண்ணாச்சி.

ரோச் அண்ணன் டிரம்ஸைப் பார்த்தார். அதில் பாதி ஆணிகளை உப்புக்காற்று தின்றிருந்தது. அவரே சைக்கிள் ஆணி வாங்கி மாட்டியிருந்தார். எனக்கு என்னவோ போல் இருந்ததால், கிட்டாரை டியூன் பண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"ஸ்பாஞ்சு வச்சதையே எடுக்கேன்" என்றார். "ஏல பேச்சி, நீ பேசிக்கிட்டே இரு."

"என்னத்தப் பேச?"

"நீ வாய மூடிக்கிட்டு இருந்த நாள் எதுல? வாரதப் பேசு."

கெபித் திருவிழாவில், மாதா சொரூபம் வைத்த கல் குகைக்கு எதிரே மேடை. ஜெயகணேஷ் பேடோடு ஓரத்தில் தயாராக நின்றான். எத்தனையோ பேர் என்னைப் பேசாதே என்று சொல்லியிருக்கிறார்கள். பேசச் சொல்லிக் கூலியும் திருவிழாக் கடையில் பெரிய அப்பளமும் வாங்கித் தந்தது அண்ணன் மட்டும்தான். முதல் பாட்டுக்குக் கூண்டு ஏற்றினேன். இரண்டாவதுக்கு, முன்வரிசையில் தூங்கும் ஆனி மைனி இப்போது குறட்டையில் எந்தச் சுதியில் இருக்கிறார் என்று சொன்னேன். ஆனி மைனி அண்ணனின் சம்சாரம். அதற்கு அடுத்ததில் அண்ணாச்சியின் தலைச்சாயம் வேர்வையில் இறங்குவதை நேரடி வர்ணனை செய்தேன். ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு மூச்சு. தாளம் நங்கூரம் போட்ட மாதிரி நின்றது.

கடைசிப் பாட்டு நீளமானது. பாதியிலேயே என் சரக்கு தீர்ந்துவிட்டது. அண்ணன் கன்னம் உப்பத் தொடங்கியது. அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். ஜெயகணேஷ் பேடின் உறையைக் கழற்றினான். நான் சுவிட்சை மிதித்தேன்.

"மூச்சு விடுங்க அண்ணே."

விட்டார்.

"இன்னும் ஒண்ணு. மெதுவா. நான் இங்கனதான் நிக்கேன்."

பாட்டு முடியும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரலைக் கேட்டால் என் அம்மாகூட யாரென்று கேட்டிருப்பாள். கடைசி அடி கிளிக்கோடு விழுந்தது. கைதட்டல் ஓய்ந்தபோது, ஜெயகணேஷின் பேடுமேல் யாரோ டீ டம்ளர்களை வைத்திருந்தார்கள். அண்ணாச்சி அதில் ஒன்றை எடுத்து ரோச் அண்ணனிடம் நீட்டி, "அடுத்த மாசம் ஆறுமுகநேரியில ஒரு கல்யாணம் இருக்கு. ஓம் பேரத்தான் சொல்லியிருக்கேன்" என்றார்.

அந்த வாரமே அண்ணன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏல, இன்னைக்குக் கடலுக்குள்ள போனேன். காது அடைச்சுச்சு. உள்ள ஓஞ்சத்தம் கேக்கு. 'டிரம்ஸ்காரர்கள் கரைக்குத் திரும்பவும்'னு. சிரிச்சுத் தொலைச்சேன். அரைக் கடலக் குடிச்சுட்டு வாரேன்."

உள்ளே போய் ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

"இனிமே மேடையில சிரிப்பு வராதது எதாச்சும் சொல்லுல."

"என் பிளஸ் ஒன் மார்க்க வாசிக்கட்டா அண்ணே?"

"அது இதவிட மோசம்லா" என்றார். மூக்கைப் பிடித்து ஊதி, வலது காதால் ஒரு விசில் அடித்துவிட்டுப் போனார்.