நாலு நிமிஷ நடவு

அம்சவல்லி யாரைக் கண்டாலும் முதலில் காலைத்தான் பார்க்கிறாள். முகம் அப்புறம்தான். வரப்பில் தடுமாறிக்கொண்டு வந்த என் கால்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சேறே பாக்காத காலு. செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்குங்க சார், இல்லாட்டி நேரா வாய்க்காலுக்குத்தான் போவீங்க" என்றாள். கழற்றினேன். வேறு வழி?

குத்தாலத்துக்குத் தெற்கே அவளுடைய ஊர். வயது நாற்பது இருக்கும். நடக்கும்போது குதிகால் முதலில் படாது, விரல்தான் இறங்கும். சேற்றில் பழகிய கால் அப்படித்தானாம். வீட்டுக்குள்ளேயும் அப்படியே நடக்கிறாள், தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறவள் மாதிரி.

சென்னைப் பத்திரிகைகள் இந்த வருஷம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய படத்தில் வருவது இந்தக் கால்கள்தான். அதில் மிருதங்க வித்துவானின் மகள் ஒரு கூலிக்காரனோடு ஓடிப்போகிறாள். அழைத்துப்போக வந்த தகப்பன் வரப்பில் நிற்கிறார். அவள் நடவு நடுகிறாள். பின்னால் பின்னால் போகும் அந்தக் கால்களில் தான் சொல்லிக்கொடுத்த தாளம் ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போகிறார். நாலு நிமிஷம், வசனமே கிடையாது. 'கதாநாயகியின் பாதங்களே நடிக்கின்றன, இனி முகம் எதற்கு?' என்று ஒருவர் விமர்சனம் எழுதினார். அந்த அசடு நான்தான். படத்தின் உதவி இயக்குநர் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னபோது எனக்கு மானம் போயிற்று. அதனால்தான் இந்த வரப்பு யாத்திரை.

விமர்சனத்தை வாசித்துக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அந்தப் பொண்ணு ஒரே ஒரு அடி வச்சுது சார். அட்டை ஏறிக்கிச்சு. ஐயோ அம்மான்னு வரப்புல ஏறி உக்காந்ததுதான், அப்புறம் எறங்கவே இல்ல." சட்டென்று சிரிப்பு நின்றது. "இதெல்லாம் எங்கண்ணன் காதுல விழுந்திருக்குமா சார்?"

விஷயம் இதுதான். படம் பிடித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசியில். கழக ஆட்சி வந்த பிறகும் கூலியைப் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டு, பண்ணை நாகேஸ்வரன் வயலில் யாரும் இறங்கக் கூடாது என்று விவசாயக் கூலிகள் சங்கம் கட்டுப்பாடு போட்டிருந்தது. செயலாளர் அவளுடைய சொந்த அண்ணன் மருதையன். வேலையில்லாத பெண்கள் எல்லோரும் படப்பிடிப்பை வேடிக்கை பார்க்கப் போனார்கள். இயக்குநர் அவர்களுடைய கால்களை வரிசையாகப் பார்த்து இவளைக் கூப்பிட்டார். இறங்கச் சொன்னது அதே பண்ணை வயலில்.

"நான் வேலைக்கா போனேன்? படத்துக்குத்தானே போனேன்!" என்கிறாள் இன்றைக்கும். சினிமாக்காரர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அது வெறும் படம் என்று நாற்றுக்கு யார் சொல்வது? எட்டாம் நாள் பச்சை பிடித்துவிட்டது. வெறும் சேறாகக் கிடந்த வயல்களுக்கு நடுவே அந்த ஒரு துண்டு மட்டும், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன துணி மாதிரி, காற்றில் அலைந்துகொண்டிருந்தது.

"போய்ப் புடுங்கிப் போடு" என்றார் மருதையன். போனாள். குனிந்து கையும் வைத்தாள். "மண்ணப் புடிச்சுக்கிட்டு வரமாட்டேங்குது சார். நட்ட கை எப்படிப் புடுங்கும்?" வெறுங்கையோடு திரும்பினாள். பதினைந்தாம் நாள் கேட்ட கூலி கிடைத்தது. சங்கமும் மன்னித்துவிட்டது. அண்ணன் மன்னிக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். இவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஆட்டிடம் சொல்வாராம்: "ஏ ஆடே, நாளைக்கு வாய்க்கால்ல தண்ணி உடுறாங்களாம்."

"நான் ஆடாப் பொறந்திருக்கலாம் சார்" என்றாள்.

அன்று சாயங்காலம் குத்தாலத்து டூரிங் கொட்டகையில் முதல் ஆட்டத்துக்கு நானும் போனேன். சென்னையே கொண்டாடிய படத்துக்கு முப்பது பேர். "ஒரு சண்டை உண்டா, ஒரு பாட்டு உண்டா?" என்று பெஞ்சில் ஒருவர் புலம்பினார். தரை டிக்கெட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர். அம்சவல்லி சுவரோரமாக மணலில் உட்கார்ந்திருந்தாள். விளக்கணைந்த பிறகு, துண்டால் தலையை மூடிய ஒருவர் எனக்கு முன்னால் வந்து சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். அம்சவல்லியின் முதுகு நிமிர்ந்தது. யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது.

திரையில் தண்ணீர் விரிந்தது. அதில் வானம் தலைகீழாகக் கிடந்தது. கால்கள் பின்னுக்குப் போகப் போக மேகத்துக்குள் பச்சை முளைத்துக்கொண்டே வந்தது. கொட்டகைத் துணி காற்றில் உப்பி அமுங்கியது. முப்பது பேரும் மணலை விட்டு லேசாக மிதந்துகொண்டிருந்தோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பெஞ்சுக்காரர்கூட வாயை மூடிக்கொண்டார்.

காட்சி முடிகிற சமயம், துண்டுக்குள்ளிருந்து கரகரத்த ஒரு குரல் வந்தது.

"ஏ அம்சம். நெருக்கமா நட்டிருக்க."

அடேயப்பா, இத்தனை பேர் எழுதினோம், ஒருத்தருக்கும் தெரியாத குறை!

"கேமராவுக்குள்ள அடங்கணும்னு அப்படி நடச் சொன்னாங்கண்ணே." அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். "நானா நட்டா இவ்வளவு எடம் உடுவேன்" என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

மருதையன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை மட்டும் நீட்டி, அந்த இரண்டு விரல்களையும் பிடித்து, இன்னும் கொஞ்சம் விரித்துவிட்டார்.