முடிவு என்ற கட்டம்

திருப்பதியில் ஆய்வேடுகளை அச்சுக்கு வடிவமைத்துத் தரும் சின்னக் கடை என்னுடையது. போன வருடம் ஒரு மதியம், பாம்புக்கடி பற்றி ஆய்வு செய்த பெண் டாக்டர் ஒருவர் பென் டிரைவோடு வந்தார். அவருக்குச் சொந்த ஊர் சத்தியவேட்டுப் பக்கம் என்பதால் தமிழிலேயே பேசினார்.

"அண்ணா, இந்த டேபிளு பக்கத்தத் தாண்டிப் போய்க்கினு கீது. ஒரே பக்கத்துல அடங்கணும்."

பெயரில்லாத நோயாளிகளின் அட்டவணை. வயது, ஊர், தொழில், கடித்து எத்தனை மணி நேரத்தில் வந்தார்கள், சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு, கடைசியில் முடிவு. எண்கள் தாறுமாறாகக் கிடந்தன. புள்ளிக்கு நேர்கீழே புள்ளி வரும்படி ஒழுங்கு செய்தேன். வயதுக் கட்டத்தைக் குறுக்கினேன். அப்போதும் அடங்கவில்லை. முடிவு என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி மட்டும் நீளமாக இருந்து மற்றதையெல்லாம் தள்ளிக்கொண்டிருந்தது. 'மகன் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பிறகு தெரியவில்லை' என்று ஆங்கிலத்தில்.

சுருக்கலாமா என்று கேட்க வாயெடுத்தவன், அந்த வரியின் தொடக்கத்தைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. பாலசமுத்திரம். கரும்பு விவசாயி.

எங்கள் நைனா.

ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் என்றதும் பயந்துபோய், கையெழுத்துப் போட்டுக்கொடுத்து, பச்சிலை வைத்தியரிடம் தூக்கிப்போனவன் நான்தான்.

"அவரு மகனுக்கு எத்தினி தபா போன் பண்ணேன் தெரியுமாண்ணா? எடுக்கவே இல்ல," என்றார் டாக்டர், நான் அந்த வரியிலேயே நிற்பதைப் பார்த்து.

திட்டுவார்கள் என்று நான் எடுக்காமல் விட்ட அழைப்புகள்.

"அந்த மகன் நான்தாம்மா," என்றேன். "நாலாம் நாளு போயிட்டாரு."

அவர் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப்போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "எழுதிக்கலாமாண்ணா?" என்றார்.

நானே தட்டினேன். இறந்தார். ஒரே சொல். கட்டம் சுருங்கி, அட்டவணை பக்கத்துக்குள் வந்து உட்கார்ந்தது. எண்களெல்லாம் நேர்க்கோட்டில் நின்றபோதுதான் மேல்வரி கண்ணில் பட்டது. புத்தூர்க்காரர். அதே வயது, வந்துசேர்ந்த நேரமும் அதே, கிரியாட்டினின்கூட ஏறக்குறைய அதேதான். டயாலிசிஸ் செய்து நலமாக வீடு திரும்பியிருந்தார்.

"அங்கியே உட்டிருந்தா பொழச்சிருப்பாராம்மா?"

"சொல்ல முடியாதுண்ணா. ஒவ்வொரு ஒடம்பும் ஒவ்வொரு மாதிரி." திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

வேலை முடிந்ததும் கோப்புகளை அழித்துவிடுவது என் வழக்கம். அதை மட்டும் அழிக்க முடியவில்லை. ஊருக்குப் போகும் பஸ் புத்தூரில் நிற்கும்போதெல்லாம், ஏறி இறங்கும் அறுபதை நெருங்கியவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.