எழுந்து நிற்கப் பயந்த ஷியாமளா

கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் ஷியாமளா. கணவர் போன பிறகும் லேக் கார்டன்ஸ் வீட்டில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். எழுபத்து நான்காம் வயதில் நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுத்தாள். ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. பாத்ரூம் போகலாமென்று தனியாக எழுந்தாள், முழங்கால்கள் மடங்கிவிட்டன. எலும்பு முறியவில்லை. ஆனால் யாராவது வரும்வரை ஈரத் தரையில் கிடந்த அந்தப் பத்து நிமிஷத்தை அவளால் மறக்க முடியவில்லை.

அதற்கப்புறம் பிசியோதெரபிஸ்ட் ஸ்மிதாவின் குரல் கேட்டாலே தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வாள்.

"மாஷிமா, படுத்தே இருந்தா கால்ல இருக்கற பலமும் போயிடும்" என்று பெரியம்மா முறை வைத்து அந்தப் பெண் வங்காள மொழியில் கெஞ்சுவாள். ஷியாமளா அசையமாட்டாள்.

ஒன்பதாம் நாள் மாலை அப்படிக் கண்மூடிக் கிடந்தபோது, மகன் பிரேம்குமார் கட்டிலருகே நின்று மனைவியிடம் போனில் பேசினான்.

"கால்ல குறை ஒண்ணும் இல்லைன்னுதான் டாக்டர் சொல்றார். அம்மாதான் எழுந்திருக்கவே மாட்டேங்கறா. பேசாம ஆயா வெச்சுடலாம். டயபர் மாத்தறதெல்லாம் அவங்க பார்த்துப்பாங்க."

டயபர். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தைவிட அந்தச் சொல் பெரிய பயமாக இருந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஸ்மிதா வந்தபோது ஷியாமளா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னைப் பிடிச்சுப்பியா?"

"பக்கத்துலயே நிக்கறேன், மாஷிமா. விழ விடமாட்டேன்."

கட்டிலிலிருந்து எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதல் முறை பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்தாள். இரண்டாம் முறை கண்ணை இருட்டியது. மூன்றாம் முறை, தொடை வெடவெடக்க, ஸ்மிதாவின் தோளை இறுகப் பற்றியபடி நின்றுவிட்டாள். மறுநாளிலிருந்து மூன்று வேளையும் அதே பயிற்சி. பிறகு வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி, இருபதடி. ஒவ்வோர் அடிக்கும் தரையை உற்றுப் பார்த்தாள்.

பதினாறாம் நாள் வாக்கரோடு வீடு திரும்பினாள். பயிற்சியை விடவில்லை. மூன்று வாரம் கழித்துத் தெருமுனைக் கடைக்குப் போய் அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கினாள். பிரேம்குமார் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்தடி பின்னால் வந்தான். சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று மணியடித்துக்கொண்டு உரசுவதுபோல் வந்தது. ஷியாமளாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அது கடந்து போகும்வரை நின்றாள். பிறகு வாக்கரை முன்னால் நகர்த்தி அடுத்த அடியை வைத்தாள்.